ஒத்தக் குதிரை ஓடிய வெளி

முதல் நாள், செவ்வாய்

ஆரல்வாய்மொழி தாண்டும்போதுதான் விழிப்பு வந்தது. ஆவணிக் காற்று கணவாய் வழியாக முட்டிக்கொண்டு வர, காற்றாலைகள் எல்லாம் ஒரே மூச்சில் சுற்றிக்கொண்டிருந்தன, எதிர் சீட்டுக்காரர் ஜன்னலை இறக்கச் சொல்லி இரண்டு முறை சைகை காட்டியும் நான் காதில் வாங்கவில்லை. நாகர்கோவிலில் இறங்கி, வடசேரியில் ஒரு சாயா குடித்து, மினி பஸ் பிடித்து மாமா வீட்டுக்கு வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. சுசீந்திரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் போட மாட்டேன், மாமா தன்னைப் பற்றி எழுதினால் கோபப்படுவார்.

வந்ததும் முதல் வேலையாகத் தொழுவத்தில் குனியாமல் நுழைந்து, குறுக்கே கிடந்த கருப்புக் கம்பில் தலையை இடித்துக்கொண்டேன். மாமி அதில் ஈரத் துவர்த்துகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தாள். "ஒங்க அம்மைக்கும் இதே எடத்துலதான் இடிக்கும்" என்று சிரித்தாள். புட்டு, கடலை, இரண்டு மட்டிப்பழம். அதற்கப்புறம் வலி தெரியவில்லை.

நான் வந்த காரணம் வேறு. நான் வேளச்சேரியில் இருப்பவன். தினமும் கிண்டி ரேஸ் கோர்ஸ் சுவரை ஒட்டித்தான் வேலைக்குப் போகிறேன். 1777-லிருந்து அங்கே குதிரை ஓடியிருக்கிறது. 1974-ல் கருணாநிதி ஆட்சியில் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பானது. அப்படித் தப்பிய மைதானத்தைத்தான் 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து எடுத்துக்கொண்டது, 160 ஏக்கருக்கு மேல். அதற்கு முன்பே, அதே வருஷம் ஊட்டி ரேஸ் கோர்ஸில் 52 ஏக்கர் போயிருந்தது. இப்போது கிண்டியில் மழைநீருக்குக் குளம் வெட்டியிருக்கிறார்கள். பந்தயத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டியவன் இல்லை நான். வெள்ளத்தில் முட்டளவு தண்ணீரில் நடந்தவன் என்பதால் குளம் நல்லதுதான் என்றும் சொல்வேன். ஆனாலும் இதைப் போனில் மாமாவிடம் புலம்பியபோது அவர் ஒன்று சொன்னார்: "நம்ம ஊருலயும் குதிர ஓடுன வெளி உண்டும் மருமவனே. நீ கண்டதில்ல."

அந்த ஒரு வரிக்காக டிக்கெட் போட்டேன்.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனார். தெருக் கோடியில் சாஸ்தா கோவில், அதன் எதிரே நேராக ஒரு சந்து, சந்தின் இரண்டு பக்கமும் மாடி வீடுகள், கடைசியில் காலி மனைகள், மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், ஒரு ஆடு. இதுதான் என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வட்டமாக ஓட இடமே இல்லையே, எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டேன்.

"எதுக்குத் திரும்பணும்? இஞ்சயிருந்து அந்த ஆலமரம் வர ஓடும். பொறவு திரும்பி வரும்."

ஆலமரமும் இல்லை.

"எத்தனை குதிரை மாமா?"

"ஒத்தக் குதிரதாம்டே. மரக்குதிர."

கோவில் கொடையன்று சாஸ்தாவை மரக்குதிரை வாகனத்தில் ஏற்றி, தோளில் தூக்கிக்கொண்டு இந்த வெளியில் மூச்சு முட்ட ஓடுவார்களாம். பன்னிரண்டு பேர், பாதியில் தோள் மாற்றப் பின்னால் பன்னிரண்டு பேர். நிலம் ஒரு குடும்பத்துடையது, அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு பாகம் பிரித்தார்கள். ஒருவர் தென்னம்பிள்ளை நட்டார், நட்டது இரண்டு வரிசைதான், ஆனால் குதிரை அதற்குள் வளைந்து ஓட முடியாது. நடையாக ஆனது. அப்புறம் தூக்குகிற வயதுப் பையன்கள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். மாமா கடைசியாகப் பார்த்தபோது அவருக்குப் பத்து வயதோ பதினொன்றோ. இப்போது அறுபத்தெட்டு.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் மனதில் கண்டிருந்தது பனந்தேரியில் புழுதி பறக்க நாலைந்து நிஜக் குதிரைகள். ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டபடி யோசித்தேன். வந்தது வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை சாமித்தோப்பில், அய்யா வைகுண்டர் பதியில், கலிவேட்டைத் திருவிழா, அதுவும் குதிரை வாகனம்தான். அதுவரை இந்த ஜில்லாவில் குதிரை எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கலாம். மாமாவும் வருகிறேன் என்றார். அவர் பைக்கில் பின்னால் உட்காருவது தனி சாகசம்.

இரண்டாம் நாள், புதன்

பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, டிக்கெட் கிழிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பில் நின்றுவிட்டது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான்.

எல்லோரும் பூமுகத்தில் நுழைந்ததும் தலையைத் தூக்கி மேற்கூரையில் செதுக்கிய பூக்களை எண்ண ஆரம்பிக்கிறார்கள், தொண்ணூறு பூ, ஒன்று போல ஒன்று இருக்காது என்று வழிகாட்டி சொல்லிவிடுவதால். நான் அதன் கீழே தொங்குகிற விளக்கைத்தான் பார்க்க வந்தேன். வெண்கலத்தில் ஒரு குதிரை, மேலே வீரன், சங்கிலியில் தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே பார்த்தபடி நிற்கும், தானாகச் சுழன்று திரும்பாது. சங்கிலியின் கண்ணிகளைக் கோத்திருக்கிற விதம் அப்படி. தொட்டுப் பார்க்க விடவில்லை, விடக்கூடாதுதான், என்னை மாதிரி தினம் ஆயிரம் பேர் திருப்பினால் என்ன ஆகும். மாமா கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ஓடாத குதிர" என்றார்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள், பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். ராஜா அவரைக் கொல்லாமல் தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார், பிறகு அவரே தளபதி ஆனார். இந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். 1777-ல் இறந்தவரின் கல்லறை கோட்டைக்குள் கூரையில்லாத தேவாலயத்தில் இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும். இப்போது வனத்துறையின் பூங்கா. மான் கூண்டுக்குப் பக்கத்தில் குழந்தைகள் சத்தம், பள்ளிச் சுற்றுலா. சிப்பாய்கள் அணிவகுத்துப் பழகிய இடத்தில் மருதமும் தேக்கும். குதிரை கட்டியதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை, கீழே விழுந்த புளியங்காயைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் கிளம்பினோம்.

வழியில் குமாரகோவில். வேளிமலை முருகனுக்கு இங்கே ஒரு வெள்ளிக்குதிரை உண்டு. வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதி யானை மேலும், வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரம் போவார்கள். அரண்மனையின் உப்பிரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். முதல் இரவு குழித்துறை, களியக்காவிளையில் எல்லை, அங்கே கேரளப் போலீஸ் மரியாதை. விஜயதசமியன்று முருகன் வெள்ளிக்குதிரையில் பூஜைப்புரை மண்டபத்துக்குப் போவார். சாமி ஊர்விட்டு ஊர் போனால் குதிரையும் கூடப் போக வேண்டும் என்று நினைத்தவன் நல்ல ரசிகன்.

இந்தக் கோவிலில் பங்குனித் திருக்கல்யாணத்தின்போது குறவர் படுகளம் என்று ஒன்று நடக்கும். வள்ளியைக் கூட்டிக்கொண்டு போன முருகனை அவள் வீட்டுக்காரர்கள் மறித்துச் சண்டை போடுவார்கள். மாமனார் வீட்டுச் சண்டையை இவ்வளவு பக்தியோடு கொண்டாடுகிற ஊர் வேறு உண்டா தெரியாது. மாமாவிடம் இதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், வியாழன்

காலையில் மழை. பத்து மணிக்கு மேல் வட்டக்கோட்டை, கடல் இரண்டு பக்கம், காற்றில் நின்று பேச முடியவில்லை. ஒரு காலத்தில் இங்கிருந்து ஆரல்வாய்மொழி வரை மதில் நீண்டிருந்தது. எல்லையில் எதிரிப் படை உள்ளே வரக் கூடாது என்பதுதான் அதன் கவலை. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயப் படை மலைப்பக்கமாக ஏறி அந்த மதிலைப் பிடித்தது. அந்த வருஷத்தை நினைவில் வையுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

கோட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலைக் காட்டி மாமாவிடம் மார்க்கோ போலோ கதை சொன்னேன். இந்தக் கடலோரமாக வடக்கே போனால் காயல். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பாண்டிய ராஜாக்கள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், அடுத்த வருஷம் திரும்ப வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பாதிக்கு மேல் செத்துவிடும். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்கள், விற்க வந்த வியாபாரிகள் தெரிந்தவர்களை வரவிடவும் இல்லை, குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு யாவாரம்.

"அப்பவும் அப்பிடித்தானா" என்றார் மாமா. அவர் ஒரு டிராக்டர் வைத்திருந்தவர், உதிரி பாகம் வாங்கியே நொந்தவர்.

மழையும் ஈரமும் ஆண்டில் இரண்டு பருவம் கொட்டுகிற இந்த மண்ணில் நிஜக் குதிரை என்பது ராஜாவுக்கே பெருஞ்செலவு. வயல், வாழை, தென்னை, குளக்கரை, எங்கே ஓட விடுவது? மரத்தில் செய்து தோளில் தூக்கியது வசதி இல்லாததால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் வசதியும் ஒரு காரணம்தான்.

மத்தியானம் மகாதானபுரம். விஜயதசமியன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக்குதிரையில் ஏறி இங்கேதான் பரிவேட்டைக்கு வருவாள். மத்தியானம் கோவிலில் கிளம்பினால் இங்கே வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், வழி நெடுக அவ்வளவு கூட்டம். அம்பு எய்து பாணாசுரனை வதம் செய்வார்கள். பிறகு நவநீத சந்தான கோபாலசாமி கோவிலில் பூஜை, ராத்திரி கடலில் ஆறாட்டு, வருஷத்தில் சில நாள் மட்டும் திறக்கிற கிழக்கு வாசல் வழியாக உள்ளே போவாள். பல ஊர்களில் இதைப் பாரிவேட்டை என்பார்கள். இங்கே எல்லோர் வாயிலும் பரிவேட்டைதான், பரி என்றால் குதிரையும் கூட, ஆகவே எனக்கு இந்த உச்சரிப்பே பிடித்திருக்கிறது.

நாங்கள் போனபோது மண்டபம் காலி. தூணில் சாய்ந்து ஒருவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் நாலுவழிச்சாலை ரவுண்டானா, வேன்கள் ஐயப்ப சீசன் மாதிரி கன்னியாகுமரிக்குப் பறந்தன. சின்ன வயதில் ஒரு தடவை அம்மாவோடு பரிவேட்டைக்கு வந்திருக்கிறேன். நினைவில் இருப்பது அம்மன் இல்லை, ஊர்வலத்தில் முன்னால் வந்த ஒரு நிஜக் குதிரை சாணி போட்டதும், அம்மா என்னைப் பிடித்து இழுத்ததும்தான்.

நான்காம் நாள், வெள்ளி

இன்றைக்குத்தான் எழுத நிறைய இருக்கிறது, கையும் வலிக்கிறது.

சாமித்தோப்பில் வருஷத்துக்கு மூன்று திருவிழா, ஆவணி, தை, வைகாசி. பதினோரு நாள். எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை கலிவேட்டை. மூன்று மணிக்கே போய்விட்டோம். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துவர்த்தைத் தலைப்பாகையாகக் கட்ட வேண்டும், எனக்குக் கட்டத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா ஒரே சுற்றில் கட்டிவிட்டு நெற்றியில் வெள்ளை நாமமும் இட்டுவிட்டார். உள்ளே பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி. கும்பிடப் போனால் தலைப்பாகையோடு நம்மையே பார்க்க வேண்டியதுதான்.

நேற்று 1809 என்று சொன்னேன் இல்லையா. ஆரல்வாய்மொழி மதில் விழுந்த அதே வருஷம்தான் இங்கே அய்யா வைகுண்டர் பிறந்தார். வீட்டில் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு இப்படியொரு பெயரா என்று மேல்சாதியார் மிரட்ட, முத்துக்குட்டி ஆனார் என்று சொல்வார்கள். குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, இதெல்லாம் திருவிதாங்கூரில் சட்டமாகவே இருந்த காலம். தோள்சீலைக்கு அரசு அனுமதி வந்ததே 1859-ல். அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாச் சாதியும் சேர்ந்து தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். ராஜா சுவாதித் திருநாள் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் போட்டார்.

அதே சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனைதான் குதிரமாளிகை. கூரையின் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். போன வருஷம் நான் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, என்ன வேலைப்பாடு என்று வியந்து, போட்டோவும் போட்டேன். இன்றைக்குத் தலைப்பாகையோடு மண்ணில் நிற்கும்போதுதான் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றியது. அங்கே 122, ஒன்றும் ஓடாது. இங்கே ஒன்று.

ஐந்து மணி வாக்கில் வெள்ளைக் குதிரை வெளியே வந்தது. நான் பார்த்தது முதலில் காதுகள் மட்டும், அப்புறம் பூமாலைக் குவியல், அதன் கீழே காவித் தலைப்பாகைகளின் கூட்டம். "அய்யா சிவசிவ அரகரா" என்று ஒரு பக்கம் தொடங்க மறுபக்கம் முடித்தது. முரசு, சங்கு. முத்திரிக் கிணற்றுப் பக்கம் போனபோது கூட்டம் இறுகிவிட்டது, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர்தான் என்னைப் பிடித்திருந்தார் என்பது சரி. அய்யா கையில் வில். கலி என்பது அரக்கன், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும், அவனை வேட்டையாடுகிறார். குதிரை முன்னே பாய்ந்தது, பின்வாங்கியது, மறுபடி பாய்ந்தது. மரக்குதிரை பாயுமா என்று கேட்டால், அடியில் இருபது முப்பது கால்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தால் பாயும். தூக்குபவர்களின் முகத்தை ஒரு நொடி பார்த்தேன், பக்திப் பரவசம் என்று எழுத வருகிறது, ஆனால் நான் கண்டது பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் தாங்குகிற முகம், காலடியில் கல் இருக்கிறதா என்று பார்க்கிற கண்.

அப்போது மாமா ஏதோ கத்தினார். "என்ன?" என்றேன்.

"முன்னால நிக்கவன் குனியக்கூடாது! குனிஞ்சா பொறத்த இருக்கவன் தோளு போச்சு!"

வேட்டை முடிந்து குதிரை சுற்று ஊர்களுக்குக் கிளம்பியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தட்டில் சுருள் வைத்துக் காத்திருக்கிறார்கள், வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய். சந்து, தார் ரோடு, மறுபடி சந்து. ஒரு திருப்பத்தில் கேபிள் வயர் தாழ்வாகத் தொங்க, ஒரு பையன் நீளக் கம்போடு முன்னால் ஓடி அதைத் தூக்கிப் பிடித்தான், அதுவே அவன் வேலை போல. ராத்திரி பதினொரு மணி வாக்கில்தான் திரும்பி வடக்கு வாசலுக்கு வரும் என்றார்கள். அதுவரை எங்களுக்குத் தாங்கவில்லை. அன்னதர்மத்தில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு பைக்கை எடுத்தோம்.

வழியில் கேட்டேன், நம்ம சாஸ்தா குதிரையும் இப்படித்தான் பாயுமா என்று. மாமா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. தாமரைக்குளம் தாண்டியதும், "இதவிடச் சின்னதுடே. ஆனா வேகம் கூடுதலு" என்றார். ஊர்ப் பெருமையைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

ஐந்தாம் நாள், சனி

சாயங்கால ரயில். காலையில் தனியாக அந்தச் சந்துக்குப் போனேன். கோவில் நடையிலிருந்து கடைசி மஞ்சள் கல் வரை நடந்து எண்ணினேன், 212 அடி எடுத்து வைத்தேன். ஆலமரம் அதற்கும் அப்பால் இருந்ததாம், அங்கே இப்போது ஒரு காம்பவுண்டு சுவர், உள்ளே நாய்.

திரும்பி வந்து மாமாவிடம் அந்த மரக்குதிரை என்ன ஆனது என்று கேட்டேன். நாலு நாளாக இதைக் கேட்கவே தோன்றவில்லை எனக்கு. கோவிலைப் புதுப்பித்தபோது வெளியே கிடந்தது, கரையான் பிடித்து வயிறு போச்சு, தலையை யாரோ கொண்டுபோனார்கள். தண்டு ரெண்டும் தேக்கு, அது மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்று கோவில் மடப்பள்ளிக் கூரைக்குப் போனது.

"மத்தது?"

மாமி தொழுவத்துக்குள்ளிருந்து, "நீ வந்தன்னைக்கே இடிச்சியே" என்றாள்.

துவர்த்துகளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நடுவில் சதுரம், இரண்டு முனையும் உருண்டை. உருண்டையான பக்கத்தில் ஆறு இடத்தில், கிட்டத்தட்ட சம இடைவெளியில், மரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மாமா வந்து இரண்டாவது தேய்மானத்தின் கீழே போய், கொஞ்சம் முட்டை மடக்கித் தோளைக் கொடுத்து நின்றார். "அப்பா நின்ன எடம்" என்றார். அவரைவிடத் தாத்தா உயரம் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

மாமி துவர்த்துகளைத் திரும்பப் போடக் காத்திருந்தாள், வெயில் போய்க்கொண்டிருந்தது.